பூர்வகுடி ஊர்களில் போதைப் புழக்கத்தை அளப்பது: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் ஏதோ ஒரு தொலைதூரக் கிளினிக்கில் நர்ஸாகவோ, மருத்துவராகவோ, பொது சுகாதார ஆராய்ச்சியாளராகவோ வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சீக்கிரமே மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வரும்: "அந்த ஊரில் எத்தனை பேர் கஞ்சா புகைக்கிறார்கள்? காவா குடிப்பவர்கள் எத்தனை பேர்?" (காவா என்பது ஒரு செடியின் வேர்த்தூளைக் கரைத்துக் குடிக்கும் போதைப் பானம்.) ஒரு படிவம் அடித்து வீடு வீடாகப் போய்க் கேட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அது சரிப்படாது.

இந்தப் பிரதேசத்தின் பரப்பு 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள் தொகை இரண்டரை லட்சம் அளவுதான். அதன் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஆர்னெம் லேண்ட் மட்டும் சுமார் 97,000 சதுர கிலோமீட்டர். சில நூறு பேர் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வரை வாழும் ஊர்கள் அதற்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. போதைப் பொருள் பற்றிய தேசியக் கணக்கெடுப்புகள் இந்த ஊர்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டாலும், ஆங்கிலம் மூன்றாவது நான்காவது மொழியாக இருக்கும் ஒருவரிடம், முன்பின் பார்த்திராத ஆள் வந்து உட்கார்ந்து, "கடந்த 12 மாதங்களில் சட்டவிரோதப் பொருள் எதையாவது பயன்படுத்தினீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? கேட்டவர் மனம் நோகாமல் திரும்பிப் போக எது உதவுமோ, அந்தப் பதில் வரும்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. 1990-களில் ஆர்னெம் லேண்டில் காவாவுக்காகவும், பிறகு கஞ்சாவுக்காகவும் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஊரில் பிறந்து, ஊர்க் கிளினிக்கிலேயே வேலை செய்யும் பூர்வகுடி சுகாதாரப் பணியாளரை உட்காரவைத்து, பெயர்ப் பட்டியலில் ஒவ்வொருவராக "இவர் பயன்படுத்துகிறாரா, இல்லையா?" என்று கேட்பதுதான் அது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்லும் சாட்சி என்று சுருக்கமாகச் சொல்லலாம். கேட்க எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பணியாளர் இங்கே உங்கள் அளவுகோலாகவும் இருக்கிறார், பட்டியலில் இருப்பவர்களுக்கு அண்ணனாகவும் அத்தையாகவும் இருக்கிறார். இரண்டில் ஒன்றை மறந்தாலும் வேலை கெட்டுவிடும்.

அனுமதி: ஒன்றல்ல, நான்கைந்து

இதற்குச் சில மாதங்களாவது ஒதுக்குங்கள். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பிரதேசத் தலைநகர் டார்வினில் இருக்கும் மென்சீஸ் சுகாதார ஆராய்ச்சிப் பள்ளியும் பிரதேச சுகாதாரத் துறையும் சேர்ந்து அப்படி ஒரு குழுவை நடத்துகின்றன. தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2018-ல் வெளியிட்ட பூர்வகுடி ஆராய்ச்சி வழிகாட்டுதலை முதலிலேயே படித்துவிடுவது நல்லது. கைம்மாறு என்பதையும் அது அடிப்படை விழுமியங்களில் ஒன்றாக வைக்கிறது. எடுத்துக்கொண்டு போவது மட்டும் ஆராய்ச்சி ஆகாது, அந்த ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கும் விண்ணப்பத்திலேயே பதில் எழுத வேண்டும்.

அப்புறம் நிலம். 1976-ம் ஆண்டின் நில உரிமைச் சட்டப்படி ஆர்னெம் லேண்ட் பூர்வகுடி மக்களின் சொத்து. உள்ளே போக நில கவுன்சிலின் பெர்மிட் தேவை. இதற்கும் மேலே, கிளினிக்கை நடத்துவது மக்களே தேர்ந்தெடுத்த சுகாதார வாரியம் என்றால் அவர்களின் சம்மதம் வேண்டும். கிழக்கு ஆர்னெம் லேண்டில் 1992 முதல் இயங்கும் மிவாட்ஜ் அப்படிப்பட்ட ஓர் அமைப்பு. கடைசியாக ஊர்ப் பெரியவர்கள். காகிதத்தில் கடைசி, நடைமுறையில் முதல். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் மற்ற எல்லாக் கையெழுத்தும் சேர்ந்தாலும் ஒன்றும் நடக்காது.

பெரியவர்கள் சந்தேகத்தோடு பார்த்தால் அதற்குக் காரணம் உண்டு. 2007-ல் மத்திய அரசு "அவசர நடவடிக்கை" என்ற பெயரில் இந்த ஊர்களுக்குள் நுழைந்தபோது, இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே இந்த மக்களுக்கு நிறுத்தி வைத்தது. மது, பணம், நிலம் எல்லாவற்றிலும் மேலிருந்து கட்டுப்பாடு வந்தது. போதையைப் பற்றிய ஓர் எண் எங்கே போய் எப்படித் திரும்பி வரும் என்று அவர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். "இந்தக் கணக்கு யார் கைக்குப் போகும்?" என்று கேட்டால், நேராகப் பதில் சொல்லுங்கள். போலீசுக்குப் போகாது என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். ஆனால் இந்தப் பிரதேசத்தில் குழந்தைகள் துன்புறுத்தப்படுவதாக நம்ப நியாயம் இருந்தால் அதைத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் சட்டக் கடமை. குடும்ப வன்முறைக்கும் அப்படியே. "எதையும் வெளியே சொல்ல மாட்டோம்" என்று வாய்க்கு வந்தபடி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எப்போது போவது? நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம், சாலைகள் மூழ்கிவிடும். வறட்சிக் காலத்தில் சடங்குகள் நடக்கும், ஆட்கள் ஊர் மாறுவார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் துக்க காரியம் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீளும். அந்த நேரத்தில் கேள்வி கேட்கப் போவது அநாகரிகம். விமானத்தில் ஏறும் முன் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டு விசாரித்துவிடுங்கள்.

எதை அளக்கப் போகிறீர்கள்?

"போதைப் பொருள்" என்று மொத்தமாகக் கேட்டால் எந்தப் பயனும் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் புழக்கம், தனிச் சிக்கல்.

காவா பசிபிக் தீவுகளில் விளையும் ஒரு செடியின் வேர்த்தூள். 1980-களின் தொடக்கத்தில் மதுவுக்கு மாற்றாக இருக்கட்டும் என்று ஆர்னெம் லேண்டுக்கு வந்தது. 1998-ல் பிரதேச அரசு அதற்கென்று ஒரு சட்டம் போட்டு உரிமம் தந்து விற்க வழி செய்தது. 2007-ல் மத்திய அரசு வணிக இறக்குமதியை நிறுத்தவே, கள்ளச் சந்தை வளர்ந்தது. தூளைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் குடிப்பார்கள். ஒருவர் எத்தனை கிராம் குடித்தார் என்பது குடித்தவருக்கே தெரியாது. ஆனால் எந்த வட்டத்தில் யார் யார் தினமும் உட்காருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் காவாவுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தியது.

கஞ்சா 1990-களின் பிற்பகுதியில் வேகமாகப் பரவியது. புகையிலையோடு கலந்து, பெரும்பாலும் வாளியும் பிளாஸ்டிக் பாட்டிலும் வைத்துச் செய்த குழாயில் இழுப்பார்கள். இளைஞர்கள் மறைவாகச் செய்வது என்பதால் காவா அளவுக்கு வெளியே தெரியாது.

மதுவுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஊர்களில் மதுவுக்குத் தடை இருக்கிறது. குடிப்பவர்கள் ஊரைவிட்டு வெளியே போய், ஒரே பாட்டிலைப் பகிர்ந்து, கிடைக்கும்போது நிறையக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் தொடாமல் இருப்பார்கள். பணியாளர் கண்ணில் படுவது அதில் ஒரு பகுதிதான். கடைசி நான்கு முறை குடித்ததைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை ஒன்று உண்டு. அதை வைத்து டேப்லெட்டில் படங்களும் குரலுமாக, ஆங்கிலத்திலும் பிட்ஜன்ஜஜாரா மொழியிலும் கேட்கும் ஒரு செயலி தயாராகிச் சோதிக்கப்பட்டும் இருக்கிறது. மதுவுக்கு அந்த வழியே மேல். இன்னொன்று: பூர்வகுடி மக்களில் மதுவையே தொடாதவர்களின் விகிதம் மற்ற ஆஸ்திரேலியர்களிடம் இருப்பதைவிட அதிகம். இதைப் புதிதாக வருபவர்கள் நம்புவதே இல்லை.

புகையிலையில் ஒரு கண்ணி இருக்கிறது. 2018-19 தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட பூர்வகுடி மக்களில் 37 சதவீதம் பேர் தினமும் புகைப்பவர்கள். தொலைதூரப் பகுதிகளில் அது 49 சதவீதம். ஆனால் மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் காட்டுப் புகையிலையைச் சாம்பலோடு சேர்த்து மென்று வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு, குறிப்பாகப் பெண்களிடம். "புகைக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் அவர்கள் எல்லாரும் புகையிலை தொடாதவர்கள் கணக்கில் போய்விடுவார்கள்.

பொருளை முடிவு செய்தபின் படிநிலைகள். நான்கு போதும்: இப்போது பயன்படுத்துகிறார், முன்பு பயன்படுத்தி விட்டுவிட்டார், எப்போதும் இல்லை, தெரியாது. வேண்டுமானால் முதலாவதை "எப்போதாவது", "அடிக்கடி" என்று இரண்டாகப் பிரிக்கலாம். கிராம், டாலர், வாரத்துக்கு எத்தனை முறை என்றெல்லாம் பணியாளரைக் கேட்காதீர்கள். மரியாதைக்காக ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார். நீங்கள் அதை இரண்டு தசம இடத்துக்குச் சராசரி எடுப்பீர்கள்.

யாரைக் கேட்பது?

பூர்வகுடி சுகாதாரப் பணி ஒரு முறையான தொழில். 2012 ஜூலை முதல் அதன் மேல்நிலைப் பணியாளர்களுக்கு, மருத்துவர்கள் நர்ஸ்களைப் போலவே தேசியப் பதிவு உண்டு. உங்களுக்கு வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் வந்த உதவியாளர் என்று அவரை நினைத்துவிட வேண்டாம். இந்த வேலைக்கான நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள். அறிக்கையில் பங்காளியாகப் பெயர் போடலாமா என்று கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அதற்கும் காரணம் இருக்கும்.

ஓர் ஊரில் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், முடிந்தால் மூன்று பேர். ஆண் ஒருவர், பெண் ஒருவர். ஆண்கள் காரியம், பெண்கள் காரியம் என்று வாழ்க்கையே பிரிந்து கிடக்கும் இடத்தில் ஓர் ஆண் பணியாளருக்கு இளம்பெண்களின் பழக்கம் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. அதோடு வடகிழக்கு ஆர்னெம் லேண்டில் வாழும் யோல்ங்கு மக்களிடையே எல்லாரும் துவா, யிரிட்ஜா என்ற இரண்டு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். அதற்குள் குலங்கள். ஒரே குலத்தைச் சேர்ந்த இருவரை எடுத்தால் ஊரின் ஒரு பக்கம் மட்டுமே தெரியும்.

உறவு முறையில் விலகல் விதிகளும் உண்டு. மருமகனும் மாமியாரும் ஒருவரை ஒருவர் தவிர்ப்பார்கள். தன் சகோதரியைப் பற்றி ஓர் ஆண் பேசத் தயங்குவார், அவள் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். பட்டியலில் அப்படி ஒரு பெயர் வந்தால் பணியாளர் மௌனமாக இருப்பார், அல்லது "தெரியாது" என்பார். வற்புறுத்த வேண்டாம். அந்தப் பெயரை மற்றவர் சொல்லட்டும் என்று விட்டுவிடுங்கள்.

கிளினிக்குக்கு வெளியேயும் ஆட்கள் உண்டு. ஊர்க்காரர்களே போகும் இரவு ரோந்துக் குழு, இளைஞர் மையத்தில் வேலை செய்பவர், பெண்கள் மையத்துப் பாட்டி. போதைக்காகப் பெட்ரோல் முகர்வதைக் கணக்கெடுக்கக் கிளினிக்கைவிட இரவு ரோந்தே சிறந்த சாட்சி.

பட்டியல்

இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். கிளினிக் கணினியில் இருக்கும் பெயர்ப் பட்டியலை அப்படியே அச்செடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதில் ஊரைவிட்டுப் போனவர்கள் இருப்பார்கள், இரண்டு பெயரில் பதிவானவர்கள் இருப்பார்கள், இறந்தவர்களும் இருப்பார்கள். இறந்தவரின் பெயரைச் சத்தமாகச் சொல்வது பெரிய அவமரியாதை. அது பணியாளரின் நெருங்கிய உறவாக இருந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது, உங்கள் மீதான நம்பிக்கையும் போனது. ஆகவே முதலில் பட்டியலைப் பணியாளரிடம் கொடுத்து, தனியாக, சத்தமில்லாமல் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

"இந்த ஊர்க்காரர் யார்?" என்பதற்கும் ஒரு விதி வேண்டும். ஒருவருக்கு மூன்று ஊரில் வீடு இருக்கும். கடந்த ஆறு மாதத்தில் பெரும்பாலும் இங்கே தூங்கியவர் என்பதுபோல் ஒன்றை வைத்துக்கொண்டு, கடைசி வரை அதை மாற்றாமல் இருங்கள். வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப அதிலிருந்து சீட்டுப் போட்டுச் சிலரை எடுத்தால் போதும். ஆயிரம் பெயரை வாசித்தால் இருநூறாவது பெயருக்கு மேல் கிடைக்கும் பதில் களைப்பின் பதில்தான்.

உட்கார்ந்து கேட்பது

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இருவரும் ஒரே அறையில் இருந்தால் வயதில் மூத்தவர் சொன்னதையே இளையவரும் சொல்வார். கிளினிக் வரவேற்பறை வேண்டவே வேண்டாம். கதவு சாத்திய அறை, அல்லது ஆள் நடமாட்டமில்லாத ஒரு மரத்தடி.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எண். விடைத்தாளில் எண் மட்டும், பெயர் இல்லை. பெயரையும் எண்ணையும் இணைக்கும் தாள் கிளினிக் பூட்டுக்குள் இருக்கட்டும், உங்கள் லேப்டாப்பில் வேண்டாம். பட்டியலில் இருப்பவர்கள் இதற்குத் தனித்தனியாகச் சம்மதம் தரவில்லை என்பதை மறக்காதீர்கள். இந்த முறையின் மிகப் பலவீனமான இடம் அதுதான். ஊரின் கூட்டுச் சம்மதத்தை மட்டும் நம்பித்தான் இது நிற்கிறது. தாள் ஒன்று காற்றில் பறந்து போனால், "என்னைக் கஞ்சாக்காரன் என்று எழுதிக் கொடுத்தது நீதானே" என்று கேட்டு ஆட்கள் வந்து நிற்கப்போவது பணியாளர் வீட்டு வாசலில். நீங்கள் அதற்குள் டார்வின் விமானத்தில் ஏறியிருப்பீர்கள்.

"கடந்த ஒரு மாதத்தில்" என்று கேட்பதைவிட ஊர் அறிந்த நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள்: கால்பந்து இறுதிப் போட்டிக்குப் பிறகு, இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, பள்ளி விடுமுறைக்கு முன். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். நீண்ட அமைதி அங்கே இயல்பான பேச்சின் பகுதி. நடுவில் புகுந்து கேள்வியை வேறு மாதிரி கேட்டுக் குழப்பிவிடுவது நம் ஆட்களின் வழக்கம். "தெரியாது" என்பதும் முழு மதிப்புள்ள பதில் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி பார்த்தல்

இதைச் செய்யாவிட்டால் உங்களிடம் இருப்பது ஊர்ப்பேச்சு. பட்டியலில் ஒரு பகுதியினரிடம், அவர்கள் சம்மதத்தோடு, நேரடியாகவும் கேட்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு:

100 பேர். பணியாளரும் "ஆம்", நேரில் கேட்டபோது அந்த நபரும் "ஆம்": 30. இருவரும் "இல்லை": 45. பணியாளர் மட்டும் "ஆம்": 10. அந்த நபர் மட்டும் "ஆம்": 15. ஆக 75 இடத்தில் ஒத்துப்போகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் கொஞ்சம் ஒத்துப்போகத்தான் செய்யும். பணியாளர் 40 பேருக்கும் அவர்களே 45 பேருக்கும் "ஆம்" சொல்லியிருப்பதால், தற்செயலாக மட்டுமே ஒத்துப்போகக்கூடிய அளவு 0.40 × 0.45 + 0.60 × 0.55 = 0.51. தற்செயலைக் கழித்துவிட்டு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா என்ற அளவு (0.75 − 0.51) ÷ (1 − 0.51), அதாவது சுமார் 0.49. வழக்கமான தரவரிசையில் 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், அதற்கு மேல் 0.80 வரை நல்லது.

இப்போது இன்னொன்று. பெட்ரோல் முகர்வது அபூர்வமாகிவிட்ட ஓர் ஊரில் 100 இளைஞர்கள். இருவரும் "இல்லை" 92, இருவரும் "ஆம்" 2, மாறுபாடு இரு பக்கமும் மூன்று மூன்று. ஒத்துப்போவது 94 சதவீதம்! ஆனால் தற்செயல் அளவே 0.905 வருகிறது, கப்பா சுமார் 0.37. அரிதான பழக்கத்தில் சதவீதத்தை மட்டும் காட்டினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

முதல் கணக்கில் பணியாளர் "ஆம்" என்றும் அவர் "இல்லை" என்றும் சொன்ன அந்த 10 பேரில் யார் சொல்வது உண்மை? நேரில் சொன்னதே உண்மை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் புத்தகங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்நியரிடம் மறைப்பதற்கு அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. அதேபோல் அவர் விட்டுவிட்டது ஊர் நினைவில் இன்னும் ஏறாமலும் இருக்கலாம். ஆகவே இரண்டு எண்ணையும் எல்லைகளாக வைத்து, 40-க்கும் 45-க்கும் இடையே என்று எழுதுங்கள். "தெரியாது" நிறைய வந்திருந்தால் எல்லையை இன்னும் அகலமாக வையுங்கள்.

வெளிச் சான்றுகளும் உதவும். ஊரில் பெரும்பாலும் ஒரே கடை, எனவே புகையிலை கொள்முதல் பில்லில் ஊரின் மொத்தப் புழக்கம் தெரியும். அதிகமாகக் காவா குடிப்பவர்களுக்குத் தோல் வறண்டு செதில் செதிலாகும், ரத்தத்தில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி உயரும், குடிப்பதை நிறுத்தினால் இரண்டும் சரியாகும். கஞ்சாவுக்குச் சிறுநீர் பரிசோதனை என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். தினமும் புகைத்தவர் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும், அதோடு நீங்கள் போலீஸ்காரர் ஆகிவிடுவீர்கள்.

எண்ணைத் திருப்பிக் கொடுப்பது

முதலில் ஊருக்கு, பிறகுதான் மேலிடத்துக்கு. பெரியவர்கள், சுகாதார வாரியம், பணியாளர்கள் முன்னால் படமாகப் போட்டுக் காட்டுங்கள். அங்கே திருத்தம் வரும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே போகும் அறிக்கையில் ஊரின் பெயர் வேண்டாம், பல ஊர்களைச் சேர்த்து வட்டார எண்ணாகக் கொடுக்கலாம். 15 முதல் 19 வயதுப் பெண்கள் என்று பிரித்து, அதில் மூன்றே பேர் என்று வந்தால், அந்த மூவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தை மூடிவிடுங்கள்.

இந்த எண்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. போதை தரும் நறுமணச் சேர்மங்களைக் குறைத்துச் செய்த ஓபல் என்ற பெட்ரோல் 2005-ல் வந்தது. அதன் விளைவை ஊர்க்காரர்கள், கிளினிக், இளைஞர் பணியாளர்கள் சொன்ன தலைக்கணக்கை வைத்துத்தான் தொடர்ந்து அளந்தார்கள். முதல் சில ஆண்டுகளிலேயே 20 ஊர்களில் முகர்பவர்கள் எண்ணிக்கை சுமார் 70 சதவீதம் குறைந்தது என்று தெரிந்தது. அந்த எரிபொருளை மேலும் பல பம்புகளுக்குக் கொண்டுபோக அந்தக் கணக்கு கை கொடுத்தது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் ஓரிரு ஆண்டு கழித்து அதே விதிகளோடு, முடிந்தால் அதே பணியாளர்களோடு மறுபடி செய்ய வேண்டும். பெயர்-எண் தாளை அதுவரை யார் வைத்திருப்பது, எப்போது அழிப்பது, சாவி யாரிடம் என்பதையெல்லாம் முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நீங்கள் வேலை மாறிப் போன பிறகு வருபவருக்கு அந்தத் தாள் எதற்கு என்றே தெரியாது.